பழுதும் பகட்டும்

சொற்களில் பழையவை நீங்குவதும் புதியவை நுழைவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று நன்னூலார் இலக்கணம் வகுத்தார். தமிழாசிரியர்கள் வகுப்பறையில் ஆண்டுதோறும் விளக்கிவரும் விதி அது. மொழிக்குப் பொருந்தும் அவ்விதி மனிதன் கையாளும் கருவிகளுக்கும் அப்படியே பொருந்துமா? ஒரு சொல் தவறாக நீங்கினால் மொழி சிறிது வறுமையுறும், அவ்வளவே. ஒரு கருவியில் நீக்க வேண்டியதை நீக்காமலும் சேர்க்கக் கூடாததைச் சேர்த்தும் விட்டால், அதன் விலையைச் செலுத்துவோர் பல வேளைகளில் அக்கருவிக்கு உரியவர் அல்லர். பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றும், அதைச் செப்பனிட விரும்பும் மனிதர் ஒருவரும் இவ்வினாவை ஆராயப் போதும்.

கேமரன் மலையில், ரிங்லட் வட்டாரத்தில் காய்கறி பயிரிட்டுத் தாப்பாவுக்கு இறக்கிச் செல்லும் நடுத்தர வயதினர் ஒருவர் எனக் கொள்க. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதலாகத் தமிழர் உழைப்பு ஊறிய மலை அது. அவரிடம் இருப்பது 1990களில் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ். 2,446 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள '2எல்' என்னும் டீசல் எஞ்சின். டர்போ இல்லை, கணினி இல்லை. தந்தை காலத்து வண்டி. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றியது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. தீபாவளிக்கு முதல்நாள் உறவினரை ஏற்றி வந்தது. இப்போது வண்ணம் மங்கிவிட்டது. பின்புற ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துவிட்டன. ரேடியேட்டரில் வாரத்திற்கு ஒருமுறை நீர் குறைகிறது. மேடேறும்போது கரும்புகை. சேமிப்பில் ஆறாயிரம் வெள்ளி இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது?

வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர் ஒரு பட்டியல் தருகிறார்: டைமிங் பெல்ட், நீர் பம்பு, பிரேக் கட்டைகள், பிரேக் எண்ணெய், ரப்பர்க் குழாய்கள், நாசல்கள். இருபது வயது மகன் தருவது வேறொரு பட்டியல்: டர்போ, வண்டியை உயர்த்தும் கருவித்தொகுதி, அகன்ற டயர்கள், வெண்ணிற எல்இடி விளக்குகள், புது வண்ணம். முதற்பட்டியலில் உள்ளவற்றுக்குப் பணம் கொடுத்தபின் வண்டி முன்போலவே தோன்றும்; அண்டை வீட்டார் எவரும் ஒன்றும் கேட்கமாட்டார். இரண்டாம் பட்டியலுக்குக் கொடுத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். மனித மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மகனை மட்டும் குறை சொல்வதற்கும் இல்லை. தந்தையின் உள்ளத்திலும் அந்த இரண்டாம் பட்டியல் ஓரத்தில் ஒளிந்துதான் இருக்கிறது.

பட்டறைக்காரர் தந்த பட்டியலில் முதலாவதாக நிற்பது ஒரு ரப்பர் வார். எஞ்சினின் கீழ்த்தண்டையும் மேல்தண்டையும் ஒன்றோடொன்று இசைந்து சுழலச் செய்வது அந்த டைமிங் பெல்ட். ஏறத்தாழ 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் என்ன நேரும்? பல நாள் ஒன்றும் நேராது. ரேடியேட்டர் ஒழுகினால் தரையில் ஈரம் தெரியும். பிரேக் கட்டை தேய்ந்தால் கிறீச்சிடும். நாசல் கெட்டால் புகை வரும். இந்த வார் மட்டும் எதையும் சொல்லாது. உறையினுள் மறைந்திருந்து, அறுபடும் கணம்வரை ஒழுங்காகவே ஓடும். அறுந்த கணத்தில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ள, எஞ்சினின் மேற்பகுதி நொறுங்கும். வளைவான மலைச்சாலையில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கையில், வண்டி அசைவற்று நிற்கும்.

வாழ்க்கையிலும் கடமைகளுள் கூக்குரலிடுபவை உண்டு, மௌனமாக இருப்பவை உண்டு. வாயிலில் வந்து நிற்கும் கடன்காரரை எவரும் மறப்பதில்லை. ஒரு குறையும் சொல்லாத மூத்த தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது தள்ளிக்கொண்டே போகும். முறையிடாதவற்றை முறையாகக் கவனிப்பவர் எத்தனை பேர் என்பதைக் கொண்டே ஒரு குடும்பத்தின் தரத்தை அளந்துவிடலாம். இவ்வகையில் ஒரு டைமிங் பெல்ட் பெரிய ஆசான்தான்.

அடுத்தது பிரேக்கு. ரிங்லட் கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய இடம். தாப்பா சமவெளியில் கிடக்கிறது. சுமையோடு 2,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்தை இறங்கிக் கடக்கும்போது வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு என்று ஐந்தாம் படிவ மாணவர் எவரும் கணக்கிட்டுவிடலாம். 30 பாகை வெப்பமுள்ள ஏறத்தாழ 80 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இவ்வாற்றலில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் தாழ்ந்த கியரில் ஓடும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகையில், புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாதிருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியபின் 140 பாகை அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். கொதித்தால் குழாயினுள் ஆவிக்குமிழ்கள் தோன்றும். அப்போது மிதித்த கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

சரசுவதி பூசை நாளில் வண்டியைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, டயரின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுவது தோட்டப்புறங்களில் வாழையடி வாழையாக வந்த வழக்கம். நல்ல வழக்கம், கருவியை மதிக்கும் பண்பாடு அது. ஆயினும் எலுமிச்சம்பழத்தை வாங்கத் தவறாத கை, ஒரு புட்டி பிரேக் எண்ணெயை வாங்க ஏன் தயங்குகிறது? கருவியைத் தொழுதவரே அதைப் பேண வேண்டியவரும் அல்லரோ?

இனி மகனின் பட்டியல். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினால் கம்பீரமாகத் தோன்றும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் புவியீர்ப்பு மையம் மேலேறும். வளைவில் சாயும் இயல்பு மிகும். அகன்று உயர்ந்த டயர்களைப் பூட்டினால், அவற்றைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும்; வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். இன்னும் நுட்பமான ஒரு செய்தியும் உண்டு. இத்தகைய பிக்கப் வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு சுமையை அறிந்து, பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. பின்பக்கத்தை உயர்த்திவிட்டு இவ்வால்வின் இணைப்பைச் சரிசெய்யாமல் விட்டால், முழுச்சுமை ஏற்றியபோதும் வண்டி காலியாக இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். பின்பிரேக்கை அடக்கியே வைக்கும். தோற்றத்திற்காகச் செய்த மாற்றம் வண்டியின் அறிவையே மயக்கிவிடுகிறது. தளர்ந்த ஸ்பிரிங் பட்டைகளைப் புதுப்பிப்பது பழுது நீக்கல்; மேலும் இரு பட்டைகளைச் செருகி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றத் துணிவது வேறு. வண்டி தாழவில்லையே என்று உரியவர் மகிழ்வார். சட்டமும் அச்சும் பிரேக்கும் டயரும் பழைய எடைக்கு அமைந்தவை என்பதை அந்த இரு பட்டைகள் மறைத்துவிடும்.

வெண்ணிற விளக்கைப் பற்றி ஒன்றே சொன்னால் போதும். பழைய விளக்குக் கூட்டினுள் அதற்கென அமையாத எல்இடியைப் பொருத்தினால் ஒளி சிதறும். மூடுபனி படர்ந்த மலைவளைவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். தாம் காண்பதற்காகப் பிறரைக் குருடாக்குவது எவ்வகை முன்னேற்றம்?

வினாவின் உயிர்நிலை இவற்றிலெல்லாம் இல்லை. டீசல் பம்பிலுள்ள ஒரு சிறு திருகில் இருக்கிறது. முழு விசையில் எஞ்சினுக்குச் செல்லும் டீசலின் உச்ச அளவை வரையறுப்பது அத்திருகு. தொழிற்சாலையில் அளவிட்டு அமைத்து, எவரும் தொடாதிருக்க முத்திரையிட்டு விடுகின்றனர். முத்திரையை உடைத்து அரைச்சுற்று உள்ளே திருப்பினால் எஞ்சின் வலுப்பெறும். ஒரு காசும் செலவில்லை. ஆனால் உட்செல்லும் காற்று மிகாமல் டீசல் மட்டும் மிகுவதால், எரியாத கரி கரும்புகையாக வெளிவரும். மேடேறும் விசை ஓட்டுநருக்கு; புகை பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு, சாலையோரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிச் சிறுவருக்கு. எல்லா மேம்பாடுகளிலும் மலிவானது இதுவே. மலிவாக இருப்பதன் காரணம், விலையை வேறொருவர் கொடுப்பதே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உறுதிசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் டீசல் புகையைச் சேர்த்தது. ஆகவே அரைச்சுற்று என்பது வெறும் அழுக்குப் பற்றிய செய்தியன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் அந்நாட்டில் 550,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைத்தடுப்புச் சாதனங்கள் அகற்றப்பட்டிருந்தன. வறுமையால் அவ்வாறு செய்தவர் சிலர் இருக்கலாம். சிலரோ வேண்டுமென்றே கரும்புகை கக்கச்செய்து அதை வேடிக்கையாகவே கொண்டாடினர். தனிமனிதர் மட்டுமா? 2015இல் வோல்க்ஸ்வாகன் நிறுவனம், சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரல் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்ததை ஒப்புக்கொண்டது. மலைச்சாலைப் பட்டறையில் திருப்புளி செய்ததை அங்கே கணினி செய்தது. மற்றபடி வேறுபாடு இல்லை. மலேசியாவிலும் டீசல் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1996இல் இயற்றப்பட்டன. எனினும் அதிகாலை ஐந்து மணிக்கு மலைவளைவில் அளவுகருவியோடு நிற்பவர் யார்? சட்டத்தின் கண் எட்டாத இடத்தில்தான் அறம் தொடங்குகிறது என்பார் உண்டு. அந்த அரைச்சுற்றுக்கு முன் நிற்பவருக்கு அக்கூற்றின் பொருள் விளங்கும்.

இவ்வாறெல்லாம் சொல்வதால், மேம்பாடு என்பதே தவறு, வண்டியில் இன்பம் தேடுவதே பாவம் என்று கொள்ளற்க. நாள்தோறும் நான்கு மணிநேரம் கிழிந்த இருக்கையில் அமர்ந்து முதுகு நோகும் ஒருவர், நல்ல இருக்கை ஒன்று அமைத்துக்கொள்வதில் என்ன பகட்டு? பாட்டுக் கேட்க ஒரு வானொலி வேண்டுமெனில் அதுவும் நியாயமே. துறவியின் அளவுகோலால் உழைப்பாளியை அளப்பது அறமன்று. டர்போகூடத் தன்னளவில் தீயதன்று. முறையாக அமைந்தால் மிகுதியான காற்றைத் தந்து புகையைக் குறைக்கவும் வல்லது. ஆனால் '2எல்' குடும்பத்து எஞ்சின்களின் டர்போ வடிவங்களில், வெப்பம் மிகுந்து சிலிண்டர் தலை விரிசல் காண்பது பட்டறைகளில் நெடுங்காலமாக அறிந்த குறை. இருபது, முப்பது ஆண்டு உழைத்த எஞ்சினில், ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே டர்போவைப் பூட்டுவது, காய்ச்சலோடு இருப்பவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போலாகும்.

செலவுக் கணக்கும் காலத்தோடு மாறுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. தகுதிபெற்ற வண்டிக்காரர்க்கும் சிறு விவசாயிகட்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. மாதம் 150 லிட்டர் டீசல் வாங்கும் ஒருவருக்கு அவ்வுயர்வால் கூடும் செலவு 180 வெள்ளி. கெட்டுப்போன நாசல்களும் அடைபட்ட காற்று வடிகட்டியும் வீணாக்கும் டீசலை அதுவரை பொருட்படுத்தாதவரும் அன்று முதல் எண்ணிப்பார்க்கத் தொடங்கினர். அறிவுரை செய்யாததை விலை செய்துவிடும் வேளைகளும் உண்டு. அது சற்றே வருத்தத்திற்குரிய உண்மை.

இவ்வளவும் மாற்றியபின் அது தந்தையின் வண்டிதானா என்றொரு கேள்வி எழும். பழைய கேள்விதான். மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்த உரையாடலில் இது தேர் வடிவில் வருகிறது: அச்சு தேராகாது, சக்கரம் தேராகாது, ஏர்க்கால் தேராகாது, இவையெல்லாம் கூடி நிற்கும்போது வழங்கும் பெயரே தேர் என்று துறவி மன்னனுக்கு விளங்கவைத்தார். கிரேக்கரும் தீசியசின் கப்பலைப் பலகை பலகையாகப் புதுப்பித்துவிட்டு, இது அதே கப்பலா என்று வாதிட்டனர். மலேசியப் பட்டறைகளில் இவ்வாதம் அன்றாடம் நிகழ்கிறது, வாதிடுவோர்க்கே தெரியாமல். சப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வந்திறங்கும் 'ஹாஃப்கட்' வண்டிகளின் எஞ்சின் இங்குள்ள பழைய உடலில் ஏறுகிறது. எவருடைய வண்டி அது? சாலைப் போக்குவரத்து இலாகா நாகசேனரைப் போல் நீண்ட விளக்கம் தருவதில்லை. எஞ்சினை மாற்றினால் ஒப்புதல் பெற்று எண்ணைப் பதிவுசெய் என்கிறது. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை மட்டும் தொடாதே என்கிறது. சட்டத்தின் கண்ணில் வண்டியின் ஆன்மா அடிச்சட்டத்தில் உறைகிறது!

வேடிக்கையாகத் தோன்றினும் அதில் ஓர் ஆழம் உண்டு. பழுது பார்ப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அவ்வெல்லை அடிச்சட்டமே. அதில் துரு ஊடுருவி விரிசல் கண்டபின், மேலே ஒட்டுப்போட்டுக் கருவண்ணம் பூசிவிடுவது பழுது நீக்கலன்று, ஏமாற்று. தந்தையின் நினைவு எவ்வளவு இனியதாயினும் விரிசலுக்கு அது தெரியாது. காற்றுப்பையும் சக்கரம் பூட்டாத் தடுப்பும் இல்லாத பழைய வண்டியை எவ்வளவு பேணினாலும் புதியதன் காப்பு அதற்கு வாராது என்பதையும் ஒளிவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். புதிது வாங்கினால் ஆண்டுக்கணக்கில் தவணை. விளைச்சல் பொய்த்த மாதத்திலும் தவணை பொய்க்காது. எனவே அடிச்சட்டம் நலமாயிருக்கும்வரை பழையதைப் பேணுவது கருமித்தனமாகாது. ஆனால் அதை விற்கும் நாள் வந்தால், வாங்குபவரிடம் உண்மை சொல்லும் கடனும் உண்டு. ஓடிய தூரத்தைத் திருத்தி, ஒழுகலை ஒருநாள் அடைத்து, கைமாற்றி விடுவோர் விற்பது வண்டியை மட்டுமன்று, ஓர் அந்நியனின் மலையிறக்கத்தையும் சேர்த்துத்தான்.

அந்த ரிங்லட் மனிதர் என்ன முடிவு செய்திருப்பார்? பட்டறையில் வண்டியைத் திறந்து பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது எனக் கொள்க. டீசல் பம்பின் முத்திரை முன்பே உடைந்திருந்தது. எப்போதோ, எவரோ அரைச்சுற்றைத் திருப்பியிருக்கிறார், தந்தையாகவும் இருக்கலாம். இத்தனை ஆண்டுகளும் மகிழ்ந்த மேடேறும் வலிமையில் ஒரு பங்கு அவ்வாறு வந்ததே. இப்போது கேள்வி புதிதாக ஒன்றைச் சேர்ப்பதா என்பதில்லை. அறியாமல் அனுபவித்துவந்ததை அறிந்தபின் விட்டுக்கொடுப்பதா என்பது. சேர்க்காமலிருப்பது எளிது. பழகியதை இழப்பது அவ்வளவு எளிதன்று.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நிற்கிறார். பிறகு திருகைப் பழைய அளவுக்குத் திருப்பி அமைக்கச் சொல்கிறார். பெல்ட்டும் நீர் பம்பும் பிரேக்கும் நாசல்களும் முடிந்தபின் எஞ்சிய தொகையில் இருக்கை தைக்கப்படுகிறது. மகனுக்காக ஒரு வானொலியும் வாங்கப்படுகிறது. பெல்ட் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் பட்டறைக்காரர் சிறு தாளில் எழுதி எஞ்சின் உறைமேல் ஒட்டுகிறார். அதன்பின் உரமூட்டைகளோடு தாப்பாவிலிருந்து மலையேறும்போது வண்டி முன்னினும் ஒரு கியர் தாழ்ந்தே ஏறுகிறது. பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. அகன்ற இடம் வந்ததும் அவர் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுகிறார்.